டின் திறந்த இடம்

தீபாவளிக்கு அனுப்பிய டின் எந்த நாட்டில், எந்தக் கூடாரத்தில் திறக்கப்பட்டதோ அந்த இடத்து வாசனை, டின்னை அனுப்பிய வீட்டுக்கு வந்து சேரத் தொடங்கிய வருஷத்தில், முதல் வாசனை வந்தது என் எதிர்வீட்டு லோகநாயகி அக்காவுக்குத்தான். ஐப்பசி நாலாம் தேதி காலையில் அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது கூடத்தில் உப்புக்காற்று அடித்தது, அதன் பின்னாலேயே எலுமிச்சைத் தோலை நசுக்கினாற்போல ஒரு வாசனையும் கொஞ்சம் டீசலும் வந்தன, அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து, "ரேணு, லெபனான்ல என் புள்ள டின்னைப் பிரிச்சிட்டான்டீ" என்றாள், நான், "முறுக்கு நமுத்துப் போயிருக்காதே?" என்று கேட்டேன்.

எங்கள் கருங்காலிப்பேட்டையில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடுகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். முன்பெல்லாம் காஷ்மீர், அஸ்ஸாம் என்று போனவர்கள், இப்போது நீலத் தொப்பி போட்டுக்கொண்டு ஐ.நா. அமைதிப் படையில் கடல் தாண்டியும் போகிறார்கள். அப்படிப் போனவர்களுக்காகப் புரட்டாசி முதல் ஞாயிறு அன்று பட்டாளத்தார் சங்கம் கல்யாண மண்டபத்தைத் திறந்துவிடும், நாங்கள் பதினாறு பதினேழு பெண்கள் ஆளுக்கொரு பிஸ்கட் டின்னோடு வரிசையாக உட்காருவோம், அடியில் அதிரசம், அதன்மேல் வாழைச் சருகு, சருகின்மேல் முள்ளு முறுக்கு, ஓரத்து இடைவெளியில் பருப்புப் பொடிப் பொட்டலம், எல்லாவற்றுக்கும் மேலே மடித்த துண்டும் அம்மன் கோயில் குங்குமமும் வைத்து மூடி, டின்னைக் காடாத் துணியில் சுற்றி, கோணி ஊசியால் தைத்து, தையல் முடிச்சின்மேல் அரக்கு உருக்கி ஊற்றிச் சங்கத்து முத்திரையை அழுத்துவோம். மேல்விலாசத்தை மட்டும் சங்கச் செயலாளர் சுபேதார் முனிரத்தினம் அண்ணன் இங்கிலீஷில் எழுதுவார். நான் எட்டாவதோடு நின்றவள், அவர் எழுதுவதை எழுத்துக் கூட்டிப் பார்ப்பதற்குள் அவர் அடுத்த டின்னுக்குப் போய்விடுவார்.

என் வீட்டுக்காரர் அவில்தார் தசரதன், தெற்கு சூடான் என்ற தேசத்துக்கு ஒரு வருஷம் என்று சொல்லிப் போனவர். ஒரு வருஷம் முடிந்ததும் நீட்டித்திருக்கிறார்கள் என்றார், அதற்கடுத்த வருஷமும் நீட்டித்திருக்கிறார்கள் என்றார். மாசாமாசம் பணம் வந்தது, வாரத்துக்கு ஒரு போன் வந்தது, லீவு மட்டும் வரவில்லை. நான் எதற்கும் கவலைப்படுகிறவள். எரிவாயுவை மூடினேனா என்று பாதி வழியில் திரும்பி வருவேன், அதிரசத்தில் பாகு முற்றிவிட்டதோ என்று டின்னைத் தைத்த பிறகும் நினைத்துக்கொண்டிருப்பேன், அங்கே பாம்பு உண்டா, கொசு உண்டா, அவர் இடுப்பு வலிக்குத் தைலம் கிடைக்குமா என்று ஒவ்வொரு போனிலும் கேட்பேன், கவலைப்படாத நேரம் என்று ஒன்று இருந்தால் அன்றைக்கு எதையோ மறந்துவிட்டேன் என்று அர்த்தம். ஆனால் இந்த ஒன்றில் மட்டும், திரும்பத் திரும்ப நீட்டிக்கிறார்களே, ஏன் என்று கவலைப்படத் தோன்றவில்லை. பட்டாளத்தில் சொன்னால் சொன்னதுதான் என்று ஊரே சொன்னது.

லோகா அக்கா வீட்டுக்குக் கடல் வந்த மறுநாள் தெருக்கோடிக் கனகவல்லி வீட்டுக்குப் புல் எரிகிற வாசனையும் மாட்டுச்சாணிப் புகையும் வந்தன, அவள் மருமகனும் தெற்கு சூடானில் இருந்தான். அதற்கு மறுநாள் மேட்டுத்தெருவில் மூன்று வீடுகளுக்குக் காங்கோவின் மழை வந்தது. மழை வரவில்லை, மழையின் வாசனை மட்டும்தான், ஆனாலும் அந்த மூன்று வீட்டிலும் துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை. ஊர் இதை ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. மசக்கைக்காரிகள் வாந்தி நிற்பதற்காக லோகா அக்கா கூடத்தில் வந்து எலுமிச்சை வாசனையில் படுத்துக்கொண்டார்கள், பூனைகள் அவள் வீட்டைச் சுற்றி மீன் தேடின, பள்ளிக்கூடத்துப் பூகோள வாத்தியார் ஆறாம் வகுப்பை வரிசையாக நிறுத்தி வீடு வீடாகக் கூட்டிப்போய், "இது ஆப்பிரிக்கா, நல்லா இழுத்துக்கோ" என்றார், இழுப்புக்காரக் கிழவர்கள் புகை வீடுகளின் பக்கம் போகாமல் சுற்றி நடந்தார்கள், பூசாரி வந்து எல்லா வீட்டிலும் கற்பூரம் காட்டினார், கற்பூர வாசனை அந்தந்த நாட்டுக்குள் போய் ஒதுங்கி நின்றுகொண்டது. பின்னால், கார்த்திகையில், இன்னொன்றும் தெரிந்தது. ஒருத்தி கையால் செய்த அடுத்த டின் வேறு இடத்தில் திறக்கப்படும்வரை பழைய வாசனை போகாது. மேட்டுத்தெரு சுலோசனாவின் பிள்ளை காங்கோவிலிருந்து லெபனானுக்கு மாறிப்போக, அவனுக்கு அவள் அவசரமாக ஒரு ஊறுகாய் டின் அனுப்பினாள், அதைப் பிரித்த அன்று மழை போய்க் கடல் வந்தது, அவள் வீட்டுத் துணிகள் காய்ந்தன.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எதிரெதிரே பார்த்தால், "உன் வூட்டுக்கு வந்துடுச்சா?" என்றுதான் கேட்டுக்கொண்டார்கள்.

என் வீட்டுக்கு வரவில்லை. மூன்று வருஷமாக நான் அவருக்காகக் காத்திருந்தேன், அந்த ஐப்பசியில் வாசனைக்காகக் காத்திருந்தேன். டின் தொலைந்துவிட்டதா, அரக்கு உடைந்து எறும்பு புகுந்ததா, அவர் ஜுரமாகப் படுத்துக்கிடக்கிறாரா, டின் கட்டிலுக்கடியில் பிரிக்காமல் கிடக்கிறதா என்று ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று தோன்றியது. கனகவல்லி வீட்டுக்கு வந்த அதே தேசம்தானே எனக்கும் வரவேண்டும், அவளுக்கு வந்து ஒன்பது நாள் ஆகிறதே என்று நான் அவள் வீட்டுக்குப் போய் அந்தப் புகையை இழுத்துப் பார்த்துப் பழகிக்கொண்டுகூட வந்தேன், வந்தால் தெரியவேண்டுமே என்று.

பத்தாம் நாள் மத்தியானம், நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது வந்தது. புல் எரியவில்லை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலின் நாற்றம், அழுகின மயிரும் உப்பும் கருவேலம்பட்டைத் தண்ணீரும் சேர்ந்த அந்த நாற்றம், எங்கள் ஜில்லாவில் பிறந்த யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி, தோல் பதனிடுகிற அந்தத் தோல் ஷாப்பு ஊருக்குள் பஸ் நுழையும்போது எல்லா ஜன்னலும் ஒன்றாக இறங்கும், எல்லா முந்தானையும் ஒன்றாக மூக்குக்குப் போகும். இங்கிருந்து ஒன்றேகால் மணி நேரம். நடுவில் ஒரு டீக்கடை நிறுத்தம்.

நான் முதலில் செய்தது என் மூக்கைச் சந்தேகப்பட்டதுதான். வாசலுக்குப் போய் லோகா அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, வந்துடுச்சி. வந்து பாரேன்."

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு சந்தோஷமாக வந்தாள். நிலைப்படி தாண்டினதும் அவள் கால் நின்றுவிட்டது. முந்தானை மூக்குக்குப் போகப் பார்த்தது, பாதியில் அதைத் திருப்பிக் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இன்னா வாசனை கீதுன்னு சொல்லுக்கா" என்றேன்.

"கடல்தான்" என்றாள். "நல்ல கடல் காத்து. எங்க வூட்டுது மாதிரியே."

"சூடான்ல ஏதுக்கா கடல்? கனகவல்லிக்குப் புகை வந்துச்சே?"

"அது இன்னாமோ, பெரிய தேசம், ஒரு பக்கம் கடல் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாகப் போய்விட்டாள்.

பிறகு கனகவல்லி வந்தாள், மேட்டுத்தெருவிலிருந்து சுலோசனா வந்தாள், பூசாரி வந்தார். கனகவல்லி, "புகைதான், எங்களுதேதான்" என்றாள். சுலோசனா, "மழைக்கா, மண்ணு நனைஞ்ச வாசனை" என்றாள். பூசாரி சாம்பிராணித் தட்டோடு நின்று, "ஏதோ மலர் வாசனை" என்றார், சொல்லும்போதே அவருக்கு இருமல் வந்தது. ஒரே கூடத்தில் கடல், புகை, மழை, பூ. வருவதற்கு முன்னால் அவர்கள் கூடிப் பேசி ஒரு பொய்யை முடிவு செய்துகொண்டு வந்திருந்தால் நான் நம்பியிருப்பேன். எட்டாவதோடு நின்றவளுக்கு அந்த அளவு போதும் என்று நினைத்துவிட்டார்கள்.

ஊருக்கே தெரிந்திருந்தது, எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. இது எனக்கு அந்த நாற்றத்தில் அப்படியே புரிந்தது, யாரும் சொல்லவேண்டி இருக்கவில்லை. இருந்தும் சொல்லிக் கேட்கவேண்டும் என்று இருந்தது, அதனால் சங்கத்துக் கட்டடத்துக்குப் போனேன். முனிரத்தினம் அண்ணன் தனியாக உட்கார்ந்து அரக்குக் கட்டிகளை டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். அவர் எனக்கு முன்னால் ஒருநாளும் எழுந்து நின்றவர் இல்லை.

"எப்பலேர்ந்துண்ணே?" என்றேன்.

"எதும்மா?"

"என் வூட்டுல தோல் ஷாப்பு நாறுது. எப்பலேர்ந்து அவரு அங்க கீறாரு?"

அவர் டப்பாவை மூடினார், மறுபடி திறந்தார். "சூடான்லேர்ந்து ஒரு வருஷத்துலயே வந்துட்டான். பேப்பர் போட்டு பென்ஷன் வாங்கிட்டான். அங்க ஷாப்புல செக்யூரிட்டி வேலை. ஒரு அம்மாவோட குடும்பம் நடத்துறான், அதுக்கும் அங்கதான் தோல் எண்ணுற வேலை. நான் எவ்வளவோ சொன்னேம்மா. கேக்கல. வெளிய பேசுனா சங்கத்துக்கு அசிங்கம், உனக்கு அசிங்கம்னு..."

"எனக்கு அசிங்கமா?"

அவர் ஒரு அரக்குக் கட்டியை எடுத்து வேட்டியில் துடைத்தார்.

"சரி. என் டின் எப்படிண்ணே அங்க போச்சி? வேன்ல எல்லா டின்னும் ஒண்ணாத்தானே ஏத்துனீங்க?"

"தனியா எடுத்து வச்சிக்குவேன். அப்புறம் நான்தான் பஸ்ல கொண்டு போய்க் குடுப்பேன். ரெண்டு வருஷமா. பொங்கலுக்கும்."

"ஏண்ணே, தூக்கிப் போட்டிருக்கலாமே? நீங்களே துன்னிருக்கலாமே? அப்படிப் பண்ணியிருந்தா இன்னிக்கி என் வூட்டுல ஒண்ணுமே வந்திருக்காது. டின் தொலைஞ்சி போச்சின்னு நெனச்சிட்டு இன்னும் ஒரு வருஷம் கவலைப்பட்டுக்கினு இருந்திருப்பேன்."

சுபேதார் முனிரத்தினம், இரண்டு சண்டையைப் பார்த்தவர், கண் கலங்கிப் போனார். "எப்படிம்மா தூக்கிப் போடறது? நீ ரெண்டு நாள் அடுப்புல வெந்து செஞ்சது. அவன் பேரைச் சொல்லிச் செஞ்சது. அதை வேற ஒருத்தன் வாயில போடக்கூடாதுல்ல? அது பாவம்."

எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். ஒரு மனுஷியை இரண்டு வருஷம் ஏமாற்றுவார்கள், அவள் சுட்ட அதிரசத்தை ஏமாற்ற மாட்டார்கள்.

"இந்தத் தடவ யாரு பிரிச்சாங்க?" என்றேன்.

"அந்தம்மாதான். கத்தியால தையலை அறுத்துச்சி. துணி நல்லாருக்குன்னு மடிச்சி எடுத்து வச்சிக்கிச்சி."

"அதிரசம் முத்திப் போச்சோன்னு நெனச்சேன்."

"இல்லம்மா, நல்லாருந்துது" என்றார் அவசரமாக, ஏதோ ஒரு நல்ல வார்த்தை சொல்லக் கிடைத்துவிட்டதே என்று. "நானே மூணு துன்னேன்."

நான் வீட்டுக்கு வந்தேன். வரும்போது தெருவில் எல்லோரும் வாசலில் இருந்தார்கள், எல்லோரும் என்னைப் பார்த்து ஏதாவது ஒரு வேலையில் இறங்கினார்கள். அன்றிலிருந்து எனக்கு ஊரிலிருந்து ஊதுவத்திகள் வந்தன, சாம்பிராணி வந்தது, ஒருத்தி கொடியிலிருந்து மல்லிகை பறித்து வந்து கொடுத்தாள், யாரும் எதற்கு என்று சொல்லவில்லை, கடல் காற்றுக்கு எதற்கு ஊதுவத்தி என்று நானும் கேட்கவில்லை.

என்னிடம் இன்னும் மீதி இருந்தது என் மகள் யாமினிதான். வேலூரில் நர்சிங் படிக்கிறாள், சனிக்கிழமை வருவாள். அவளுக்கு எப்படிச் சொல்லுவது, பரீட்சை நேரமாயிற்றே, அப்பா மேல் உயிராக இருப்பவளாயிற்றே, சாப்பாடு இறங்குமா என்று நாலு நாள் கவலைப்பட்டேன், முதலில் அவளைச் சாப்பிட வைத்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று வத்தக்குழம்பு வைத்தேன். அவள் பையை மாட்டிக்கொண்டு வந்தாள், வாசல் தாண்டினாள், கூடத்துக்கு வந்தாள், செருப்பை ஓரமாக விட்டாள், ஃபேனைப் போட்டாள், தண்ணீர் குடித்தாள், "பசிக்குதும்மா" என்றாள்.

அவள் மூக்கைப் பொத்தவில்லை. முகம்கூடச் சுளிக்கவில்லை. அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்களும் அங்கே அடிக்கடி போய் வருகிறவர்களும் மட்டும்தான் அந்த நாற்றத்துக்குள் அப்படி நடப்பார்கள்.

நான் அவளுக்குச் சோறு போட்டேன். குழம்பு ஊற்றினேன். அவள் இரண்டாவது கவளம் எடுத்தபோது கேட்டேன். "எத்தினி தடவ போன?"

அவள் கை தட்டில் நின்றது. அப்போதுதான் அவளுக்குக் கூடம் நாறுவது தெரிந்தது. சுற்றிலும் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பாதான்மா... காலேஜ்லேர்ந்து நேர் பஸ் கீது... அழுதாரும்மா..."

"எத்தினி தடவன்னு கேட்டேன்."

"மாசத்துக்கு ஒரு தடவ."

"அவ சோறு போட்டாளா?"

யாமினி தட்டிலிருந்த சோற்றை ஓரமாக ஒதுக்கினாள். குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. "துன்னு" என்றேன். "ஆறிடும்." அதற்குமேல் எனக்குக் கேட்கத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் அவர் போன் பண்ணினார். டின் கிடைத்தது, தோழர்கள் எல்லாம் பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள், எல்லோரும் உன் கை முறுக்கைப் பாராட்டினார்கள் என்றார். நான் கூடத்தின் நடுவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், அவர் மூச்சு விடுகிற அதே காற்றைத்தான் நானும் விட்டுக்கொண்டிருந்தேன்.

"அங்க இன்னா வாசனை கீதுங்க இப்ப?" என்றேன்.

"வாசனையா? என்னடி கேள்வி இது?"

"சும்மாதான்."

போனில் அவருக்குப் பின்னால் ஒரு பிரஷர் குக்கர் விசில் அடித்தது. "புல்லு எரியுது" என்றார். "இங்க எப்பவும் புல்லுதான் எரியும்."

"இடுப்பு வலிக்குத் தைலம் கிடைக்குதா?" என்று கேட்டுவிட்டேன். வாய்ப் பழக்கம். பிறகு போனை வைத்துவிட்டு, அதற்காக என்னையே அடித்துக்கொண்டேன்.

கார்த்திகை முழுவதும், மார்கழியில் பாதியும் நான் அந்தத் தோல் ஷாப்பு ஊரில் இருந்தேன். கருங்காலிப்பேட்டையில் பாத்திரம் கழுவினேன், கோலம் போட்டேன், ரேஷன் வரிசையில் நின்றேன், உள்ளே வந்து கதவைச் சாத்தினால் அவர்கள் இரண்டு பேரும் இருக்கும் வீட்டில் இருந்தேன். தலையணை நாறியது, தயிர் நாறியது, பண்டிகைக்கு எடுத்த புடவையைப் பெட்டியிலிருந்து எடுத்தால் அவள் உடுத்தி அவிழ்த்துப் போட்டது மாதிரி இருந்தது. லோகா அக்கா தினமும் வருவாள், மூச்சைப் பிடித்துக்கொண்டு அரை நிமிஷம் நிற்பாள், "கடல் இன்னும் போவலியே" என்பாள், வெளியே போய் மூச்சு விடுவாள். முதுகைப் பார்த்தாலே தெரியும்.

மார்கழி பத்தாம் தேதி பொங்கல் டின் கட்ட மண்டபம் திறந்தார்கள். நான் வரமாட்டேன் என்று நினைத்திருப்பார்கள், நான் உள்ளே போனதும் பேச்சு நின்றது. எனக்கு எப்போதும் இருக்கும் தூண் ஓரத்து இடம் காலியாகவே இருந்தது, உட்கார்ந்தேன். அதிரசம், வாழைச் சருகு, முள்ளு முறுக்கு, பருப்புப் பொடி. துண்டு வைக்கவில்லை, புதுசாக ஒரு ரவிக்கைத் துணி வைத்தேன். என் டின்னில் யாரும் கண் வைக்காமல் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காடாத் துணியைச் சுற்றித் தைத்தேன், மற்ற வருஷங்களைவிட நெருக்கமாகத் தைத்தேன், அரக்கு ஊற்றினேன். முனிரத்தினம் அண்ணன் மையெழுதுகோலோடு வரிசையாக வந்தவர் என் முன்னால் வந்ததும் குனியாமல் நின்றார். நான் எழுதுகோலை அவர் கையிலிருந்து வாங்கினேன். தமிழில், குண்டு குண்டாக, வாத்தியார் கரும்பலகையில் எழுதுவதுபோல எழுதினேன்: த. ரேணுகா, 14, அம்மன் கோயில் தெரு, கருங்காலிப்பேட்டை. எழுதிய பிறகு, அவர் பேரின் அந்த 'த' எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன், பிறகு அதன்மேல் கோடு கோடாக அடித்து மூடினேன்.

"இன்னாம்மா இது?" என்றார். "இதை எங்க அனுப்பறது?"

"தபால்ல போட்டுக்கறேன்" என்றேன். "இந்தத் தடவ நீங்க பஸ் ஏற வேணாம்ணே."

சுலோசனா எங்கோ பார்த்துக்கொண்டு அழுதாள். அவள் அழுகையையும் நான் நம்பவில்லை.

டவுன் தபாலாபீசில் கொடுத்த டின் சென்னைக்குப் போய், எங்கெங்கோ சுற்றி, ஆறாம் நாள் திரும்பி வந்தது. தபால்காரப் பெண், "உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கினீங்களாக்கா?" என்று சிரித்துக்கொண்டு கையெழுத்து வாங்கினாள், அவள் வெளியூர், அவளுக்கு ஒன்றும் தெரியாது, அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. கூடத்தில் உட்கார்ந்து தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தேன், மூடியைத் திறந்தேன், ஒரு அதிரசத்தை எடுத்துப் பிட்டு வாயில் போட்டேன். பாகு முற்றித்தான் இருந்தது, என் கைப்பாகு எப்போதும் இதே பதம்தான். முனிரத்தினம் அண்ணன் அதிலும் பொய்தான் சொல்லியிருந்தார்.

தோல் நாற்றம் போய்விட்டது. தலையணையை முகர்ந்தேன், சுவரை முகர்ந்தேன், புடவைப் பெட்டிக்குள் தலையை விட்டு முகர்ந்தேன். எதுவுமே இல்லை. காலியாக இருந்தது. டின் திறந்த இடத்து வாசனை வரவேண்டுமே, வராமல் போய்விட்டதோ, நான் விலாசத்தைத் தப்பாக எழுதிவிட்டேனோ என்று பிரித்த துணியை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன். லோகா அக்கா வந்தாள். நிலைப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டவள் உள்ளே வந்து மெதுவாக விட்டாள். மறுபடி இழுத்தாள்.

"இன்னா வாசனை கீது?" என்றேன்.

"உன் வூட்டு வாசனைதான் ரேணு" என்றாள். "முன்ன எப்பவும் இருக்குமே அதான்."

"அது எப்படிக்கா இருக்கும்?"

"வறுத்த வெந்தயம்... கொஞ்சம் தைலம்... ஈரத் துணி..." அவள் கண் கலங்கியது. "சத்தியமா ரேணு. இந்தத் தடவ சத்தியமா."

அவள் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். இருபத்திரண்டு வருஷமாக இருக்கிற வீட்டின் வாசனை அதில் இருக்கிறவளுக்குத் தெரியாது, வெளியிலிருந்து வருகிறவர்கள்தான் சொல்லவேண்டும். வெளியிலிருந்து வருகிறவர்களோ இவர்கள்தான்.

அவள் போனதும் நான் செருப்பைப் போட்டுக்கொண்டு, எரிவாயுவை மூடினேனா என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, வீட்டைப் பூட்டினேன். பஸ் நிறுத்தம்வரை நடந்துபோய், சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்து, தோல் ஷாப்பு ஊருக்குப் போகும் பஸ் ஒன்று வந்து நின்று கிளம்பும்வரை, மூக்கு வீட்டை மறக்கட்டும் என்று புழுதியையும் டீக்கடையையும் முகர்ந்துகொண்டிருந்தேன். பிறகு திரும்பி வந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூட்டைத் திறந்து, உள்ளே காலை வைத்ததும் ஒரே மூச்சாக இழுத்தேன்.

வெந்தயம் இருந்தது. தைலமும் இருந்தது. இன்னொன்றும் இருந்தது, லோகா அக்கா சொல்லாதது. அது என்ன என்று பிடிப்பதற்குள் இரண்டாவது மூச்சு வந்துவிட்டது, மூக்கு பழகிவிட்டது, வீடு மறுபடி காலியாகிவிட்டது.

நான் வெளியே வந்து மறுபடி பூட்டினேன். எதிர்வீட்டு வாசலில் நின்றுகொண்டு லோகா அக்கா, "இன்னா ரேணு, எதையாச்சும் மறந்துட்டியா?" என்றாள். நான் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். அன்றைக்கு மட்டும் நாலு தடவை பூட்டித் திறந்தேன்.